அலகிலிருந்து வழியும் புகை



நம்மவர் இல்லங்கள் பலவற்றில் சாமி மேடைக்குப் புதிய விருந்தாளி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பறவை வடிவத் தூபக்கலம்! மயில், அன்னம், கொக்கு, சில வேளைகளில் இன்ன பறவையென்று அதனைச் செய்தவரே சொல்லமுடியாத ஏதோ ஒன்று. பீங்கானாலோ பித்தளை நிறம் பூசிய பிசினாலோ செய்யப்பட்டிருக்கும். கூம்பு வடிவ ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி அதன் முதுகில் வைத்தால், புகை மேலே எழும்பாது. திறந்த அலகின் வழியே பால்போல் கீழே வழிந்து, அடியிலுள்ள தட்டில் சிறு குளமாய்த் தேங்கும். பார்ப்பதற்கு அழகுதான். அதை மறுப்பார் இலர்.

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பூசைப்பொருள் கடைகளிலும் இணையக் கடைகளிலும் இது நன்றாக விற்பனையாகிறது. "தியானத்திற்கு உகந்தது", "மன ஒருமைப்பாட்டை வளர்க்கும்" என்னும் சொற்கள் பெட்டியின்மீது தவறாமல் இருக்கும். பிள்ளைகளின் கவனச் சிதறலால் அல்லற்படும் பெற்றோருக்கு இச்சொற்களைவிட வேறு விளம்பரம் வேண்டுமா?

அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் இப்பறவை பேச்சுக்கு வந்தது. வகுப்புதோறும் ஒரு "தியான மூலை" அமைத்து, காலையில் ஐந்து நிமிடம் மாணவரை இதன்முன் அமரவைக்கலாம் என்று பெற்றோர் ஒருவர் கருத்துரைத்தார். வகுப்புக்கு ஒன்றென அன்பளிப்பாக வாங்கித்தரவும் இன்னொருவர் முன்வந்தார். இருவரும் பள்ளிமீது பற்றுடையவர்கள். அவர்களது நல்லெண்ணத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் நான் மறுத்துப் பேசினேன். கூட்டத்தில் கிடைத்த இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாமற்போனவற்றை இங்கு விரித்து எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறவை இருக்கட்டும், அழகுப் பொருளாக. பிள்ளைகள் அமரும் மூடிய அறையில் அதற்குள் புகை வேண்டா.

இதன் இயக்கத்தை விளங்கிக்கொண்டால் பாதி வழக்கு முடிந்துவிடும். சாதாரண ஊதுவத்தியின் புகை சூடான காற்றோடு கலந்திருப்பதால் மேலே எழுகிறது. இந்தக் கூம்பிலோ, அடிப்பாகத்திலிருந்து உள்ளே ஒரு துளை குடையப்பட்டிருக்கும். கூம்பு எரியும்போது புகையின் ஒரு பகுதி அத்துளை வழியே கீழிறங்குகிறது. இறங்கும்போதே குளிர்கிறது. குளிர்ந்த பின், நுண்துகள்கள் செறிந்த அப்புகை சுற்றியுள்ள காற்றைவிடக் கனமாகிவிடுவதால், பறவையின் வயிற்றுக்குள் புகுந்து அலகு வழியே வழிகிறது. ஐந்தாம் ஆண்டு மாணவருக்கும் விளங்கக்கூடிய அறிவியல்தான்.

ஆனால் இவ்வித்தைக்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்று அசையக் கூடாது. மின்விசிறி சுழன்றால் புகையருவி கலைந்துபோகும். சாளரம் திறந்திருந்தால் வழியவே வழியாது. அதனால்தான் விசிறியை நிறுத்துங்கள், சாளரத்தை மூடுங்கள் என்று விற்பவர்களே அறிவுறுத்துகிறார்கள். ஆக, புகை எவ்வளவுக்கு அழகாக வழிகிறதோ, அவ்வளவுக்கு அந்த அறையில் காற்றோட்டம் இல்லை என்பது பொருள். அந்த அறையில், அந்தத் தட்டுக்கு எதிரே, ஓரடி தொலைவில், கண்ணிமைக்காமல் ஒரு குழந்தையை உட்காரவைத்து, "மூச்சை நன்றாக இழுத்து விடு, கண்ணா" என்கிறோம்!

இதைச் சொன்னவுடன், "ஊதுவத்திப் புகைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் மருத்துவன் அல்லன். எனினும் அறிந்தோர் அளந்து சொன்ன சிலவற்றை எடுத்துக்காட்டுவது கடமை. ஒரு கிராம் ஊதுவத்தி எரியும்போது வெளிப்படும் நுண்துகள் ஏறத்தாழ 45 மில்லிகிராம் என்றும், அதே எடையுள்ள சிகரெட்டு எரிந்தால் வெளிப்படுவது ஏறத்தாழ 10 மில்லிகிராம் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். சிங்கப்பூரில் 1993 முதல் 1998 வரை, 45 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்ட சீனர்கள் 61,000 பேருக்கு மேல் பதிவுசெய்யப்பட்டுப் பல்லாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். 2008-இல் வெளிவந்த அதன் முடிவு, நெடுங்காலம் நாள்தோறும் ஊதுவத்தி கொளுத்தியோரிடையே மேல் சுவாசப்பாதைப் புற்றுநோய் மிகுதியாக இருந்ததைக் காட்டியது.

நடுநிலையோடு ஒன்றையும் சொல்லவேண்டும். அவர்கள் பல பத்தாண்டுகள் புகையோடு வாழ்ந்த பெரியவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஓர் ஊதுவத்தி கொளுத்தும் இல்லத்தை அந்தக் கணக்கில் சேர்த்து யாரையும் அச்சுறுத்த நான் விரும்பவில்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் ஆய்வு. அரபு நாடுகளில் "பகூர்" என்னும் நறும்புகையை வீட்டுக்குள் போடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஓமான் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு, அப்புகையால் ஆஸ்துமா புதிதாக உண்டாவதாகச் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது இழுப்பைத் தூண்டுகிறது என்று சொன்னது. என் வகுப்பில் புத்தகப்பைக்குள் மூச்சிழுப்பான் வைத்திருப்போர் மூவர். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிடத் தியானத்திற்காக அந்த மூவரை வெளியே நிறுத்தி வைப்பதா?

புகைமூட்டக் காலங்களை நாம் மறந்துவிடவில்லை. 2015 செப்டம்பர் 25-ஆம் நாள் சிங்கப்பூர் தன் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. 2019 செப்டம்பரில் சரவாக், சிலாங்கூர், பினாங்கு எனப் பல மாநிலங்களில் பள்ளிக் கதவுகள் அடைக்கப்பட்டன. அந்நாள்களில் காற்று மாசுக் குறியீட்டை மணிக்கொரு முறை கைப்பேசியில் பார்த்துப் பதறிய பெற்றோர்களே நாம். சுமத்திராவிலிருந்து வந்த புகைக்குச் சாளரத்தைச் சாத்தினோம். இப்போது சாளரத்தைச் சாத்திவிட்டு உள்ளே நாமே புகை போடுகிறோம். இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். அளவில் ஒன்றல்ல, நுரையீரலுக்கு மட்டும் அந்த வேறுபாடு தெரிவதில்லை. நுண்துகள் காட்டெரிப்பிலிருந்து வந்தாலும் சந்தனக் கூம்பிலிருந்து வந்தாலும் நுண்துகளே.

சரி, உடல்நலப் பேச்சு போதும். இப்பறவையின் வரலாறு சுவையானது; அதை அறிந்தால் நம் கையிலிருக்கும் பொருள் எவ்வளவு தேய்ந்துபோன வாரிசு என்பது புலப்படும்.

பறவை வடிவில் தூபக்கலம் செய்வது புதிய பழக்கமன்று. சீன நாட்டில் வெண்கல வாத்து வடிவில் தூபக்கலங்கள் பல நூற்றாண்டுகள் வழங்கின. சோங் காலக் கவிஞர்கள் தங்கள் பாடல்களிலே அதனைக் குறிப்பிடுமளவு அது வீட்டுப் பொருளாக இருந்தது. கொரியாவின் கொர்யோ காலக் கைவினைஞர்கள் 12-ஆம் நூற்றாண்டில் பச்சை மெருகு பூசிய பீங்கானில் வாத்தும் சிங்கமும் மூடியாக அமைந்த கலங்களைச் செய்தனர். பாரசீகப் பகுதியிலும் அதே காலத்தில் வெண்கலப் பறவைகள் இருந்தன. உடலெங்கும் துளையிட்ட சித்திர வேலைப்பாடு. அத்துளைகள் வழியே மணம் வெளியேறும்.

இவை எல்லாவற்றிலும் என் உள்ளங்கவர்ந்தது ஜப்பானில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் கியோத்தோவில் வாழ்ந்த நோனோமுரா நின்செய் என்னும் குயவர் செய்த வண்ணக்கோழி வடிவத் தூபக்கலம். மெய்யான பறவையின் அளவு. நீண்ட வால் தரையில் தொடாமல் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். சூளையில் வேகும்போது அந்த வால் வளையாமலும் ஒடியாமலும் எப்படி நின்றது என்று மண்பாண்டக் கலையறிந்தோர் இன்றும் வியக்கிறார்கள். கனசாவா நகரிலுள்ள இஷிகாவா மாநிலக் கலை அருங்காட்சியகத்தில் அது தேசியச் செல்வமாகப் போற்றப்படுகிறது. அதனருகே அதன் பெடையும் இருக்கிறது. சேவலைப்போல் பகட்டான நிறமில்லை. அமைதியான வெள்ளி நிறம். இரண்டையும் படத்தில் பார்த்தாலே போதும், ஓவியப் பாடத்திற்கு ஒரு வாரம் ஓடும்.

அந்தப் பறவைகளைச் செய்தவர்களுக்கு வேண்டியது மணம், புகையன்று. ஜப்பானிய நறுமணக் கலையில் அகிற்கட்டையை எரிப்பதே இல்லை. கலத்தில் மெல்லிய சாம்பலை நிரப்பி, அதனுள் சிறு கரித்துண்டைக் கங்காகப் புதைத்து, மேலே அப்பிரகத் தகடு ஒன்றை வைத்து, அதன்மேல் நகத்தளவே உள்ள அகில் துண்டைச் சூடாக்குவார்கள். கட்டை கருகாது. கண்ணுக்குப் புகை தெரியாது. மணம் மட்டும் எழும். கலத்தை இரு கைகளாலும் ஏந்தி, முகத்தருகே கொண்டுபோய் அமைதியாக நுகர்வார்கள். இச்செயலை அவர்கள் "முகர்தல்" என்று சொல்வதில்லை. மணத்தைக் "கேட்டல்" என்கிறார்கள். எவ்வளவு அருமையான சொல்லாட்சி! மாணவர்க்கு ஐம்புலன் பற்றிப் பாடம் நடத்தும்போது இதனைச் சொல்லிப் பாருங்கள். வகுப்பு ஒரு கணம் அடங்கிவிடும்.

இன்றைய பறவைக்கு மணம் இரண்டாம் பட்சம். அதன் கூம்பை எரியவிட்டு அருகில் நின்று பாருங்கள். மரத்தூளும் பிசினும் செயற்கை மணத்தைலமும் கலந்து எரியும் காரம்தான் முதலில் மூக்கில் ஏறும். புகை தடிப்பாக வழிந்தால்தான் படத்தில் நன்றாகத் தெரியும் என்பதால் தடிப்பான புகைக்காகவே அது செய்யப்படுகிறது. பழைய கலம் புகையை ஒளித்து மணத்தைத் தந்தது. புதியது மணத்தை ஒழித்துப் புகையைக் காட்டுகிறது.

மணப்பொருள் என்று வந்தபின், நாம் வாழும் இந்த மண்ணைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அகில் மர வகைகளுள் ஒன்றன் தாவரவியற் பெயர் "அக்குவிலாரியா மலாக்கென்சிஸ்". நம் மலாக்காவின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. மலாயில் காஹாரு என்பார்கள். அம்மரம் முழுதும் மணப்பதில்லை. காயம்பட்டு, பூஞ்சை தொற்றி, அதனை எதிர்க்க மரம் சுரக்கும் பிசின் ஊறிய பகுதி மட்டுமே கறுத்து மணம் பெறுகிறது. புண்ணிலிருந்து பிறக்கும் மணம்! இம்மரம் காடுகளில் அருகிவிட்டதால் 1995 முதல் சைட்டிஸ் என்னும் அனைத்துலக வாணிப உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நாம் சாம்பிராணி என்று போடுவதும் பெரும்பாலும் சுமத்திராவின் மலைகளில் கெமெஞான் மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால்தான்.

பழந்தமிழர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்திற்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லார், அகிலின் வகைகளைச் சொல்லும்போது "கிடாரவன்" என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார். கிடாரம், கடாரம், இன்றைய கெடா. பூசாங் பள்ளத்தாக்குக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அங்குள்ள கல்லடித்தளங்களைக் காட்டி இராசேந்திர சோழனைச் சொல்லுகிறோம். கப்பல்கள் இங்கு எதற்காக வந்தன என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அவை தேடிவந்த பொருள்களுள் இம்மணமும் ஒன்று. கெடாவின் அகில் தமிழகத்து மாடங்களில் மணந்தது. அவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம், எங்கோ தொழிற்சாலையில் பிழிந்த கூம்பை இணையத்தில் வாங்கி, அதற்குத் தியானம் என்று பெயரிடுகிறோம். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அடுத்து, வழிபாடு என்னும் கோணம். "சாமி விஷயத்தில் கைவைக்காதீர்கள்" என்று ஒரு பெரியவர் கூட்டம் முடிந்தபின் என்னைத் தனியே அழைத்துக் கடிந்துகொண்டார். அவர்மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் நான் கைவைப்பது சாமி விஷயத்திலன்று. தூபம் என்பது பூசையில் இறைவனுக்குச் செய்யப்படும் உபசாரம். ஐந்து உபசாரங்களாகச் சுருக்கிச் சொல்லும்போது சந்தனம், மலர், தூபம், தீபம், நிவேதனம் என்பர். ஐம்பூதங்களுள் தூபம் காற்றைக் குறிக்கும் என்பதும் மரபு. காட்டுவோம், இரண்டு மணித்துளியில் முடிந்துவிடும். அடுத்தது தீபம். பூசகர் தூபத்தை முன்னால் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வெறித்துப் பார்த்ததாக யாரும் கண்டதில்லை.

தூபத்தின் பெருமையைச் சொல்லக் குங்கிலியக் கலய நாயனாரைவிட யார் வேண்டும்? திருக்கடவூரில் இறைவன் திருமுன் குங்கிலியத் தூபமிடுவதையே தொண்டாகக் கொண்டவர். செல்வமெல்லாம் கரைந்து, மக்கள் பசியால் வாட, மனைவியார் தம் தாலியைக் கழற்றித் தந்து நெல் வாங்கி வரச் சொன்னார். வழியிலே குங்கிலியப் பொதி வந்தது. தாலியைக் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விட்டார்! (பெண் ஆசிரியர்கள் இக்கதையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது வேறு விவாதம்.) பெரியபுராணம் அவர் எதில் புகைத்தார், கலம் மயில் வடிவிலா அன்ன வடிவிலா என்று கவலைப்படவில்லை. பொருள் குங்கிலியம்; இடம் காற்றோடும் கோயில்; நோக்கம் இறைவனுக்குச் சமர்ப்பணம். தன் மனம் ஒருமைப்பட வேண்டுமென்று அவர் அதனைச் செய்யவில்லை.

தியானம் வேறு நெறி. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் எட்டுறுப்பு யோகத்தை விரிக்கும்போது மூச்சுப் பயிற்சிக்கு அளிக்கும் இடம் பெரிது. மூச்சே கருவியாக இருக்கும் ஒரு பயிற்சிக்கு அந்த மூச்சைக் கறைப்படுத்தும் ஒன்றைத் துணையாகச் சேர்ப்பது எப்படிப் பொருந்தும்? நீச்சல் பழகும் குளத்தில் மைப்புட்டியைக் கவிழ்ப்பதைப்போல் இருக்கிறது.

இனி, தாய்மார் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். இதுவே உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். என் மாணவன் ஒருவனின் தாயார் சொன்னார்: "ஐயா, அத ஏத்தி வச்சிட்டா பத்து நிமிஷம் அசையாம பாத்துக்கிட்டே இருக்கான். வீட்ல சத்தமே இல்ல." இரண்டு வேலை பார்க்கும் தாய். மாலையில் பத்து நிமிட அமைதி அவருக்கு எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குத் தெரியும். அவரைக் குறைசொல்ல என் நா எழாது. "அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் அம்மா, தியானம் செய்யவில்லை. மீன் தொட்டியைப் பார்த்தாலும் இப்படித்தான் பார்ப்பான். மீன் தொட்டி அவனுக்கு இருமலைத் தராது" என்று மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டார். பறவை இப்போது அவர் வீட்டுச் சாமி மேடையில்தான் இருக்கிறதாம், புகையில்லாமல், முதுகில் ஒரு மல்லிகைச் சரத்தோடு.

அசையும் ஒன்றை வெறித்திருப்பது கவனம் ஆகாது என்பதை ஆசிரியர்கள் அறிவோம். கைப்பேசித் திரையை வெறிக்கும் பிள்ளையும் அசையாமல்தான் இருக்கிறான்! கவனம் என்பது சலிப்பூட்டும் ஒன்றில் மனத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும் உழைப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதலாம் ஆண்டுக் குழந்தை அந்த உழைப்பைச் செய்கிறது. கண்ணை மூடித் தன் மூச்சை ஒன்று முதல் பத்துவரை எண்ணும் குழந்தையும் செய்கிறது. புகையருவி அந்த உழைப்பைப் பிள்ளையிடம் கேட்பதில்லை. வேடிக்கை காட்டி அமர்த்திவைக்கிறது, அவ்வளவே.

"அந்தக் காலத்தில் தோட்டத்து வீடுகளில் சாம்பிராணி போடவில்லையா? நாமெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறோம்?" என்று கேட்கலாம். போட்டார்கள். எங்கள் பாட்டி தலைமுறையினர் போட்ட புகைக்கு முன் இந்தப் பறவை வெறும் கொட்டாவி. ஆனால் அது எப்படிப் போடப்பட்டது என்பதையும் நினைவுகூர வேண்டும். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுத் தணலாக்கி, தூபக்காலில் அள்ளி, சாம்பிராணித் தூளைத் தூவி, முன்வாசலிலிருந்து பின்கட்டுவரை கையில் ஏந்தியே நடப்பார்கள். வாசலும் சாளரமும் திறந்திருக்கும். பலகை வீடு, இடுக்கெல்லாம் காற்று. புகை ஒரு பக்கம் புகுந்து கொசுவை விரட்டிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அதனாலேயே அது தீங்கற்றது என்று நான் வாதிடவில்லை. சிரட்டைக் கரியின் புகையும் புகைதான். மூடிய அறையில் தணலை வைத்தால் கரிவளி உயிரையே பறித்துவிடும். பழையது என்பதாலேயே நல்லது என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குரிய முறையை, குளிரூட்டி ஓடும் பதினைந்தாவது மாடி அடுக்ககத்துக்கு அப்படியே பெயர்க்க இயலாது என்பதே என் வாதம்.

ஆகவே, இல்லத்தில் தூபம் காட்டுவோர் காட்டுங்கள். சாளரத்தைத் திறந்துவிட்டு, விசிறியைப் போட்டுவிட்டு, சிறிதளவே காட்டுங்கள். புகை அருவியாக வழியாது, கலைந்து போகும். போகட்டும். இழுப்பு உள்ள குழந்தையோ கைக்குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டில் மலரும் விளக்கும் போதும், தெய்வம் கோபித்துக்கொள்ளாது. குளித்த கைக்குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்தும் வழக்கமும் நம்மிடையே இன்னும் இருக்கிறது. பாட்டிமாரிடம் இதனைச் சொல்வது எளிதன்று என்பதறிவேன். மருத்துவமனைத் தாதியர் சொன்னதாகச் சொல்லிப் பாருங்கள், ஓரளவு எடுபடும்.

பறவையை வாங்கிவிட்டவர்கள் தூக்கியெறிய வேண்டியதில்லை. முதுகுத் துளையில் துளசிக் காம்பொன்றைச் செருகி வைக்கலாம். அகில் துண்டோ வெட்டிவேரோ சிறிது கிடைத்தால் உள்ளே போட்டு வைத்தால் மழை நாளில் தானாகவே மெல்ல மணக்கும். விலைமிக்க அகில் வேண்டா. அதில் போலிகளே மிகுதி.

வகுப்பறையைப் பொறுத்தவரை, கூட்டத்தில் முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் மீண்டும் பேசலாம் என்று தலைமையாசிரியர் ஒத்திவைத்திருக்கிறார். அன்பளிப்புத் தர முன்வந்தவரிடம், அப்பணத்தில் வகுப்புக்கு ஒரு துளசித் தொட்டி வாங்கித் தரும்படி கேட்டிருக்கிறேன். முறைவைத்துத் தண்ணீர் ஊற்றவும் ஓர் இலையைக் கசக்கி மணத்தைக் "கேட்கவும்" பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கிடைக்கும். அவர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறு முயற்சி செய்தேன். கொளுத்தாத சாம்பிராணிக் கட்டி, வெட்டிவேர், சந்தனத் துண்டு, பூசாத பச்சைக் கற்பூரம் ஆகியவற்றைத் தனித்தனிச் சிமிழில் இட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு மாணவர்கள் மணத்தை விவரிக்க வேண்டும் என்றேன். "வாசம்" என்ற ஒற்றைச் சொல்லில் தொடங்கியவர்கள், பாடவேளை முடிவதற்குள் காரமான மணம், மண் நெடி, குளிர்ந்த மணம் என்று பிரித்துச் சொல்லத் தொடங்கினர். ஒருவன் வெட்டிவேரை முகர்ந்துவிட்டு, "மழை பேஞ்சதும் எங்க வீட்டுப் பின்னால வர்ற வாசம், ஐயா" என்றான். தணல், கங்கு, நீறு, சிரட்டை, தூபக்கால், நறும்புகை ஆகிய சொற்களுள் இரண்டுக்கு மேல் தெரிந்தவர் வகுப்பில் யாருமில்லை. அவற்றையும் சேர்த்து இரண்டு பக்கப் பயிற்றி ஒன்று தயாரித்திருக்கிறேன். பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் எழுதிக் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். இழுப்பு உள்ள மாணவர்களிடம் கற்பூரச் சிமிழைத் தராமல் தவிர்த்துவிடுங்கள்.